முதல் பருவத்திலேயே மகுடம்
பெங்களூர்க் கால்பந்துக் கழகத்தின் ஒன்பது மாதக் கதை

பணம் இருந்தால் மைதானம் அமைக்கலாம். சம்பளம் பேசி ஆட்டக்காரர்களைச் சேர்க்கலாம். சீமையிலிருந்து பயிற்சியாளரைத் தருவிக்கலாம். சட்டைக்கு ஒரு நிறம், சின்னத்துக்கு ஒரு படம், பாடுவதற்கு ஒரு பாட்டு என்று எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால், "இது நம்ம அணி" என்று ஓர் ஊர் சொல்ல வேண்டுமே, அதை எந்தக் கடையில் வாங்குவது?

2013-ஆம் வருஷம் ஜூலை 20-ஆம் தேதி பெங்களூரில் ஒரு புதிய கால்பந்துக் கழகம் பிறந்தபோது அதன் முன் நின்ற கேள்வி இதுதான். தெருவில் விளையாடிய பையன்கள் கூடித் தொடங்கிய கழகம் அல்ல அது. ஊர்ப் பெரியவர்கள் சந்தா வசூலித்து வளர்த்த கழகமும் அல்ல. ஜே.எஸ்.டபிள்யூ. என்ற பெரிய எஃகுக் கம்பெனி முதல் போட்டு நிறுவிய கழகம். அன்று நாட்டின் முதல்தரப் போட்டியாக இருந்த ஐ-லீக்கில் அது நேராக இடம் பெற்றது.

அதற்குப் பின் நடந்ததோ கதைபோல் இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதமும் ஒரு நாளும். 2014 ஏப்ரல் 21 அன்று அந்தக் கழகம் இந்தியாவின் சாம்பியன் ஆகிவிட்டது!

பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று

பெங்களூருக்குக் கால்பந்து புதிது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கன்டோன்மென்ட் பகுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிய ஆட்டம் அது. வேலி ஓரமாக நின்று பார்த்த உள்ளூர்ப் பிள்ளைகள் வெறுங்காலோடு அதைக் கற்றுக்கொண்டார்கள். கற்றதோடு நிற்கவில்லை. 1937-இல் 'பெங்களூர் முஸ்லிம்' அணி பம்பாய்க்குப் போய், அதுவரை ராணுவ அணிகளே கொண்டுபோன ரோவர்ஸ் கோப்பையைத் தட்டி வந்தது. மறு வருஷமும் அதே அணிக்குத்தான் கோப்பை. மாநிலங்களுக்கிடையே நடக்கும் சந்தோஷ் கோப்பையை மைசூர் அணி நான்கு முறை வென்றிருக்கிறது.

1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி பிரான்ஸை எதிர்த்து ஆடியது. நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. இரண்டு பெனால்டிகள் வீணாயின. 2–1 என்று தோல்வி. ஆனாலும் இந்தியா போட்ட அந்த ஒரு கோல் சரித்திரத்தில் இடம்பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. அதைப் போட்டவர் சாரங்கபாணி ராமன், மைசூர் அணிக்காரர். அதே அணியில் இடம்பெற்ற அகமது கானும் தன்ராஜும் பெங்களூர்க்காரர்களே.

அப்படியானால் இவர்களையெல்லாம் பெங்களூர் கண்குளிரக் கண்டு களித்ததா? அதுதான் இல்லை. அகமது கானும் தன்ராஜும் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்குப் போனார்கள். அங்கே புகழ்பெற்ற ஐவர் முன்வரிசையில் இருவராக விளங்கினார்கள். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அருமைநாயகம் மோகன் பகானுக்காக ஆடினார். பின்னால் உலகநாதனும் அதே மோகன் பகானுக்குத்தான் போனார். நன்றாக ஆடத் தெரிந்தவனுக்குக் கல்கத்தாதான் புகுந்த வீடு. பெங்களூர் பெற்றுக் கொடுத்தது. வங்காளம் வைத்துக் கொண்டாடியது.

பெயர்களைப் பார்த்தாலே நேயர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டிருக்கும். இவர்களில் பலர் பெங்களூர்த் தமிழர்கள். அல்சூரை அடுத்த கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் ஆகிய பேட்டைகள் இன்றும் கால்பந்துப் பேட்டைகளே. கௌதமபுரத்தில் புத்தருக்கும் அம்பேத்கருக்கும் பக்கத்தில் பிரேசில் வீரர் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த ஊர்க்காரர்களின் பற்றுதலுக்கு வேறு சாட்சி எதற்கு?

ஊரில் அணிகளே இல்லாமல் போகவில்லை. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. முதலிய தொழிற்சாலைகள் அணிகள் வைத்திருந்தன. பந்து ஆடத் தெரிந்தால் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் பென்ஷன் கிடைக்கும். பல ஏழைக் குடும்பங்களை அந்த ஏற்பாடு கரையேற்றியிருக்கிறது. ஆனால் ஆட்டமே தொழிலாகிவிட்ட காலத்தில் அந்த அணிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2012-இல் எச்.ஏ.எல். அணி ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கியது. அடுத்த பருவத்தில் முதல்தரப் போட்டியில் பெங்களூரின் பெயரைச் சொல்ல ஓர் அணிகூட இல்லை.

இடம் காலியாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், புதிய ஊர்களில் கழகம் தொடங்கக் கம்பெனிகளுக்கு அழைப்பு விடுத்தது. பல்லாரி ஜில்லாவில் பிரம்மாண்டமான எஃகு ஆலை நடத்தும் ஜே.எஸ்.டபிள்யூ. பெங்களூரைத் தேர்ந்தெடுத்தது.

முப்பத்தேழு வயதுப் பயிற்சியாளர்

பயிற்சியாளராக வந்தவர் ஆஷ்லி வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயர். வயது 37. சிறு பிராயத்தில் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் இளைஞர் பயிற்சியில் வளர்ந்தவர். பிறகு இங்கிலாந்தின் பல கழகங்களில் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடியவர். பயிற்சியாளராகப் பிளாக்பர்ன் கழகத்தில் துணைப் பொறுப்பு வகித்திருந்தாரே தவிர, ஒரு கழகத்துக்கு முழுப் பொறுப்பும் ஏற்று லீக் பந்தயங்களில் பெயர் எடுத்தவர் அல்லர். அவருக்கு உதவியாக வந்தவர் பிரத்யும் ரெட்டி.

வெஸ்ட்வுட் கொண்டு வந்த மந்திரம் எதுவும் இல்லை. அவர் கொண்டு வந்தது ஒழுங்கு. என்ன சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது, எவ்வளவு தூங்குவது, உடலில் கொழுப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கெல்லாம் கணக்கு வந்தது. பயிற்சி என்றால் குறித்த நேரத்தில் வந்து நிற்க வேண்டும். தொண்ணூறு நிமிஷம் ஓடியபின் காலில் மிச்சம் இருக்கிறவன்தான் ஆட்டக்காரன் என்பது அவருடைய கட்சி.

இது பெரிய விஷயமா என்று தோன்றலாம். பெரிய விஷயந்தான். நம் நாட்டுக் கழகங்கள் பலவற்றில் திறமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம் வேறு இடத்தில் இருந்தது. சம்பளம் தேதிக்கு வருமா என்ற கவலை. பயிற்சிக்கு மைதானம் கிடைக்குமா என்ற கவலை. இரண்டு ஆட்டம் தோற்றால் பயிற்சியாளர் இருப்பாரா என்ற கவலை. இத்தனை கவலைகளைத் தோளில் சுமந்துகொண்டு பந்தின் பின்னால் ஓடுவது எப்படி? புதிய கழகம் தன் ஆட்டக்காரர்களிடமிருந்து முதலில் இறக்கி வைத்தது அந்தச் சுமையை. தேதி தவறாத சம்பளமும், தெரிந்த நேரத்தில் பயிற்சியும், என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற தெளிவும் இருந்தால் சாதாரண ஆட்டக்காரனும் தன் முழுத் திறமையைக் காட்டுவான் என்பதற்கு அந்தப் பருவம் ஓர் உதாரணம்.

யார் யார் சேர்ந்தார்கள்?

அணியின் தலைவர் சுனில் சேத்ரி. அன்று இந்திய அணிக்கும் அவரே தலைவராக இருந்தார். செகந்திராபாத்தில் பிறந்தவர், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், டெம்போ என்று பல கழகங்களைப் பார்த்தவர். போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் கழகத்தின் இரண்டாம் அணியில் இருந்துவிட்டு அப்போதுதான் தாய்நாடு திரும்பியிருந்தார். அவரைவிடப் பெரிய பெயர் இந்தியக் கால்பந்தில் அன்று கிடையாது. நேற்றுப் பிறந்த கழகத்துக்கு அவர் வரச் சம்மதித்ததே பாதி விளம்பரம்.

மற்றவர்கள் அத்தனை பிரசித்தர்கள் அல்லர். ஈஸ்ட் பெங்காலிலிருந்து வந்த நெட்டையர் ராபின் சிங். திருச்சூர்ப் பிள்ளை ரினோ ஆன்டோ. மணிப்பூரின் தோய் சிங். கோல் காக்கப் பவன் குமார். உள்ளூர் இளைஞர்களில் ஒருவராகச் சங்கர் சம்பங்கிராஜ்.

வெளிநாட்டார் நால்வர். இங்கிலாந்தின் ஜான் ஜான்ஸனும் கென்யாவின் கர்ட்டிஸ் ஒசானோவும் கோலுக்கு முன்னால் கோட்டைச் சுவர்போல் நின்றார்கள். லைபீரியாவின் ஜானி மென்யோங்கர் நடுக்களத்தில் ஆடினார். ஆஸ்திரேலியாவின் ஷான் ரூனி முன்வரிசையில் ஆடினார். நால்வரில் ஒருவர் ஆசியக் கூட்டமைப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஆஸ்திரேலியா 2006 முதல் அந்தக் கூட்டமைப்பில் இருப்பதால் ரூனி ஆசியக் கணக்கில் வந்துவிட்டார்!

124 வயதும் இரண்டு மாதமும்

2013 செப்டம்பர் 22. அசோக் நகரில் இருக்கும் பெங்களூர்க் கால்பந்து மைதானம். செயற்கைப் புல் தரை. எட்டாயிரம் பேருக்குச் சற்று மேல் உட்காரலாம். புதிய கழகத்தின் முதல் லீக் பந்தயம். எதிரே வந்து நின்றது யார் தெரியுமா? 1889-இல் பிறந்த மோகன் பகான்! அருமைநாயகத்தையும் உலகநாதனையும் அழைத்துக்கொண்ட அதே கழகம். ஒரு பக்கம் 124 வயது. மறு பக்கம் இரண்டு மாதம்.

ரூனி கோல் போட்டார். அது கழகத்தின் முதல் லீக் கோல். மோகன் பகானும் ஒரு கோல் திருப்பியது. 1–1. வெற்றி இல்லை, ஆனால் தலை குனியவும் இல்லை. அடுத்து, ஷில்லாங்கிலிருந்து வந்த ரங்தாஜித் யுனைடெட் அணியை 3–0 என்று வென்றபோது, "இவர்கள் விளையாட்டுக்கு வந்தவர்கள் அல்ல" என்பது விளங்கிவிட்டது.

ஐ-லீக்கில் அந்தப் பருவம் 13 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற பன்னிரண்டையும் தன் ஊரில் ஒரு முறை, அவர்கள் ஊரில் ஒரு முறை சந்திக்க வேண்டும். ஆக 24 பந்தயங்கள். கோவாவில் நான்கு அணிகள், வங்காளத்தில் நான்கு, ஷில்லாங்கில் இரண்டு, பூனாவில் ஒன்று, பம்பாயில் ஒன்று. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் சேர்த்து இருந்தது ஒன்றே ஒன்று. அது பெங்களூர்.

கோப்பைப் பந்தயம் வேறு, லீக் வேறு. கோப்பையில் ஒரு வாரம் அதிர்ஷ்டம் அடித்தால் போதும். லீக்கில் ஏழெட்டு மாதம் உழைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோவாவின் புழுக்கத்தில் ஆடியவர்கள் அடுத்த வாரம் ஷில்லாங் மலைக் குளிரில் ஆட வேண்டியிருக்கும். விமானம், விடுதி, மறுபடி விமானம் என்று உடம்பு அலைக்கழியும். வெஸ்ட்வுட்டின் ஒழுங்கு கைகொடுத்தது இங்கேதான்.

எல்லாம் ரோஜாப் பாதையாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. லீக்கில் ஐந்து தோல்விகள். 2014 ஜனவரியில் கேரளத்தில் நடந்த பெடரேஷன் கோப்பையில் இந்த அணி முதற்சுற்றைக்கூடத் தாண்டவில்லை. வேறு கழகமாயிருந்தால் அந்த வாரமே பயிற்சியாளர் பெட்டி கட்டியிருப்பார். இங்கே யாரும் பதறவில்லை. பயிற்சி நேரம் மாறவில்லை, பயிற்சியாளரும் மாறவில்லை. அணி மீண்டும் லீக்குக்குத் திரும்பியது, புள்ளிகளைச் சேர்த்தது.

சேத்ரி 14 கோல்கள் போட்டார். அந்தப் பருவத்தில் அதைவிட அதிகம் போட்டவர் எவரும் இல்லை. அவரோடு சமமாக நின்ற இருவரும் வெளிநாட்டார்.

மேற்கு வரிசையின் பாட்டு

ஆடுகளத்தில் நடந்தது இப்படி. இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஊர் என்ன செய்தது?

பெங்களூரில் அன்று இளைஞர்களுக்குக் கால்பந்து ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அது தொலைக்காட்சி ஆசை. நள்ளிரவில் கண் விழித்து இங்கிலாந்துப் பந்தயங்களைப் பார்ப்பார்கள். அந்த ஊர்க் கழகங்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவார்கள். பக்கத்துத் தெரு மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு எட்டிப் பார்க்க மாட்டார்கள். பழைய ரசிகர்களோ, கன்டோன்மென்ட் பேட்டைகளின் முதியவர்கள். அவர்களுடைய நினைவெல்லாம் அகமது கான் காலத்தில் நின்றுவிட்டது. இந்த இரு கூட்டமும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்ததே கிடையாது.

புதிய கழகம் அவர்களை உட்கார வைத்தது. உட்கார வைத்தது என்பதுகூடச் சரியல்ல, நிற்க வைத்தது. மைதானத்தின் மேற்குப் பக்கத்து வரிசையில் நீலச் சட்டை அணிந்த ஒரு கூட்டம் கூடியது. 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தமுக்கு, கொடி, பாட்டு என்று தொண்ணூறு நிமிஷமும் ஓய மாட்டார்கள். அணி ஜெயித்தாலும் பாட்டு, தோற்றாலும் பாட்டு. கன்னடம், தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று வீட்டில் வேறு வேறு பாஷை பேசுகிறவர்கள், மைதானத்துக்குள் ஒரே குரலாகிவிட்டார்கள். வேலைக்காக எங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள் நிறைந்த நகரம் பெங்களூர். "நீ எந்த ஊர்?" என்று கேட்டால் பிறந்த ஊரைச் சொல்கிறவர்களே அதிகம். அவர்களில் பலருக்கு, "பெங்களூர்" என்று உரக்கக் கத்துவதற்கு முதன்முதலாக ஒரு காரணம் கிடைத்தது.

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் அந்த வரிசைக்கு முன் வந்து நின்று கைதட்டி வணங்குவது வழக்கமாயிற்று. கம்பெனி வாங்க முடியாத பொருள் ஒன்று இருந்ததல்லவா? அதை ஊர் தானாகவே கொண்டு வந்து கொடுத்துவிட்டது.

மட்காவில் விடிந்த பொழுது

2014 ஏப்ரல் 21. கோவாவின் மட்காவ் நகர், பதோர்தா மைதானம். எதிரி டெம்போ, ஐ-லீக்கைப் பல முறை வென்ற கழகம். பெங்களூர் வென்றால் பட்டம் அன்றே கைக்கு வரும். அதற்குப் பின் ஒரு பந்தயம் மிச்சம் இருந்தது என்றாலும், கைக்கு எட்டியதை நாளைக்குத் தள்ளிப்போடுவது விவேகம் அல்லவே! பெங்களூரிலிருந்து ரசிகர்களும் கோவாவுக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ஆறு கோல்கள் விழுந்த ஆட்டம் அது. முடிவில் பெங்களூர் 4, டெம்போ 2. பெங்களூர் சாம்பியன்!

கணக்கை மூடியபோது 24 பந்தயங்களில் 14 வெற்றி, 5 சமநிலை, 5 தோல்வி; மொத்தம் 47 புள்ளிகள். இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 43. ஒரு காலத்தில் பெங்களூர்ப் பிள்ளைகளைக் கொண்டு கோப்பைகள் குவித்த ஈஸ்ட் பெங்காலை, பெங்களூரின் பெயர் தாங்கிய அணி பின்னுக்குத் தள்ளியது. அறுபது வருஷத்துக் கடன் ஒன்று தீர்ந்ததுபோல் இருந்தது பழைய ரசிகர்களுக்கு.

இன்னும் மிச்சமிருக்கும் கணக்கு

முதல் வெற்றி குருட்டு அதிர்ஷ்டம் அல்ல என்பதைப் பின்வந்த வருஷங்கள் காட்டின. 2015-இல் பெடரேஷன் கோப்பை. 2016-இல் மறுபடியும் ஐ-லீக் பட்டம். அதே வருஷம் நவம்பரில் ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதிப் பந்தயம் வரை போயிற்று. அந்த இறுதிக்குப் போன முதல் இந்தியக் கழகம் இதுவே. தோஹாவில் ஈராக் விமானப்படைக் கழகத்திடம் 1–0 என்று தோற்றது. 2017-இல் ஐ.எஸ்.எல். போட்டிக்கு மாறியது. அங்கே முதல் பருவத்திலேயே இறுதிக்கு வந்தது. ஆனால் 2018 மார்ச் 17 அன்று சொந்த ஊர் ரசிகர்களின் கண்ணெதிரே சென்னையின் எஃப்.சி. அணி 3–2 என்று வென்று கோப்பையைக் கொண்டு போய்விட்டது! மறு வருஷம் பெங்களூர் அந்தக் கோப்பையையும் வென்றது.

எல்லாம் சரி. ஆனால் முதல் பருவத்துச் சாம்பியன் அணியின் பெயர்ப் பட்டியலை மறுபடி ஒரு முறை படித்துப் பார்த்தால் ஒன்று உறுத்தும். மணிப்பூர் இருக்கிறது, கேரளம் இருக்கிறது, லைபீரியா இருக்கிறது, கென்யா இருக்கிறது. பெங்களூர்ப் பிள்ளைகளோ விரல் விட்டு எண்ணும் அளவே. கல்கத்தாவுக்கு வாரி வாரிக் கொடுத்த பேட்டைகளிலிருந்து, சொந்த ஊர் அணிக்கு வந்தவர்கள் மிகச் சிலர்.

இதற்குக் கழகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு மாதத்தில் அணி சேர்க்கிறவன் விளைந்த கதிரைத்தான் அறுக்க முடியும். விதைக்க நேரம் ஏது? ஊரிலும் விதைப்பு எப்போதோ குறைந்துவிட்டது. பையன்கள் ஆடிய வெளிகள் கட்டடங்களாகின. தொழிற்சாலை அணிகள் தேய்ந்தபின், "பந்து ஆடினால் சோறு உண்டா?" என்று கேட்ட தாய்மார்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

அந்தத் தாய்மார்களுக்கு ஒரு பதிலாவது கிடைத்தது என்பதே முதல் பருவத்தின் பெரிய லாபம். பந்தாட்டம் ஒரு தொழில். அதற்குத் தேதி தவறாமல் சம்பளம் உண்டு. அந்தத் தொழிலுக்காக வங்காளத்துக்கு ரயில் ஏற வேண்டியதில்லை என்று காட்டியாயிற்று. கௌதமபுரத்துச் சந்துகளில் மாலையில் பந்து உதைக்கும் சிறுவனுக்குச் சொந்த ஊர் மைதானம் சில மைல் தூரத்திலேயே இருக்கிறது. அந்தத் தூரத்தை அவன் கடந்து வரும்படி செய்ய, ஒன்பது மாதம் போதாது. ஒரு தலைமுறையின் பொறுமை வேண்டும்.